தூக்கிக்கொண்டு போனவருக்கு அவசரம் இல்லை

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு இந்த மலேசிய நாட்டில் எந்த அவசரமும் இல்லை. அவர் வழக்குப் போட வேண்டியதில்லை, வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை, வேலைக்கு விடுப்புச் சொல்ல வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஓடுவதும் அலைவதும் கெஞ்சுவதும் கடன் வாங்குவதும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில். ஏறி இறங்கிக் கடைசியில் நீதிபதி முன்னால் போய் நிற்கும்போது, "பிள்ளை அங்கே பழகிவிட்டது, இப்போது ஏன் கலைக்க வேண்டும்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். யாரைக் கேட்டுப் பழக்கினீர்கள் என்று திருப்பிக் கேட்க அங்கே ஒரு நாதியில்லை.

நான் செராஸில் இருக்கிறேன். என் மகள் கிள்ளானில் இருக்கிறாள். தாமான் கொனாட்டில் எம்ஆர்டி ஏறி, மியூசியம் நெகாராவில் இறங்கி, கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து, கொமுட்டர் பிடித்தால் கிள்ளான் வந்துவிடும். கடல் இல்லை, எல்லை இல்லை, விசா இல்லை. ஆனாலும் என் பிள்ளை எனக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாள்.

நாங்கள் பிரிந்து தனித்தனியாக இருந்த காலம் அது. விவாகரத்து ஆகவில்லை. மகள் என்னோடு இருந்தாள். விடுமுறைக்குப் பாட்டி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அவள் அப்பா அழைத்துப் போனார். நானும் சந்தோஷமாகத்தான் துணிமணி எடுத்து வைத்தேன். பாட்டி என்றால் அவளுக்கு உயிர். விடுமுறை முடிந்து பாலர் பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "இனிமேல் இவள் இங்கேதான் படிப்பாள்." இஸ்திரி போட்ட சீருடை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது.

மறுநாள் போலீசுக்குப் போனேன். "இனி ஹால் கெலுவார்கா, காக்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். குடும்ப விவகாரமாம். அப்பாதானே கூட்டிப்போனார், வேறு யாரும் இல்லையே, கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள் என்றார். குரலில் மரியாதை இருந்தது. கையில் ரிப்போர்ட்டின் நகல் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் சட்டம் படித்தேன். வயிறு எரிய எரியப் படித்தேன். 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவல் சட்டத்தில் ஒரு காலத்தில் அப்பாவுக்கு மட்டுமே முதல் உரிமை. 1999இல் அதைத் திருத்தி அம்மாவுக்கும் சமமான உரிமை கொடுத்தார்கள். அதற்காகப் போராடிய பெண்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் சம உரிமை உள்ள இரண்டு பேரில் ஒருவர் பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டால், நீதிமன்றம் ஓர் உத்தரவு போடும்வரை போலீஸ் கிட்டே வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாம் முடிந்துபோகிறது. பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறதோ அவர் கை ஓங்குகிறது. உத்தரவு வாங்கப் போனால் அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீள்கிறது. விவாகரத்து மனு போடுவதற்கு முன்னால் சமரசக் குழுவிடம் போய் வர வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106ஆவது பிரிவு. அந்தக் குழுவுக்கு ஆறு மாதம் அவகாசம். குடும்பம் சேர வாய்ப்புக் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு, நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளையைப் பிடுங்கி வைத்திருப்பவருக்கு அந்த ஆறு மாதம் யாரும் கேட்காமல் கிடைத்த பரிசு.

அதே சட்டத்தின் 88ஆவது பிரிவு, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அம்மாவோடு இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. படித்தபோது எனக்கு உயிர் வந்தது. அதற்கு அடுத்த வரியைப் படித்தேன். அந்த அனுமானம் பொருந்துமா என்று பார்க்கும்போது, பிள்ளையின் வாழ்க்கையை இடம் மாற்றிக் கலைப்பது உகந்ததல்ல என்பதையும் நீதிமன்றம் கருத வேண்டுமாம். பிள்ளையை நினைத்து எழுதிய வரி அது, குறை சொல்ல முடியாது. ஆனால் முதலில் கலைத்தவருக்கு அந்த வரி அரணாகிறதே, அதை யார் பார்ப்பது? தேதி தள்ளி, பதில் மனு தள்ளி, வழக்கறிஞர் வரவில்லை என்று இன்னொரு முறை தள்ளி, எல்லாம் முடிவதற்குள் என் மகளுக்கு ஏழு வயது தாண்டிவிட்டது. கிள்ளானில் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். இடைக்கால உத்தரவு வந்தபோது பள்ளியைக் காரணம் காட்டி அவள் அங்கேயே இருக்கட்டும் என்றானது. எனக்கு வார இறுதி. சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை வரை.

என் பிள்ளைக்கு நான் வார இறுதி அம்மாவாகிப் போனேன். அந்த வார இறுதியும் கிடைத்தபாடில்லை. ஒரு வாரம் காய்ச்சல். ஒரு வாரம் டியூஷன். ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. கிள்ளானுக்குப் போய் நின்றால் கேட் பூட்டியிருக்கிறது. கம்பி வழியாகப் பார்த்தால் வாசலில் அவளுடைய செருப்பு கிடக்கிறது, உள்ளே டிவி ஓடுகிறது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போய்த் திரும்பி ரயில் ஏறுகிறேன். உத்தரவை மீறினால் நீதிமன்ற அவமதிப்புதானே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆமாம், அவமதிப்புதான். அதற்குப் புதிதாக மனு, புதிதாக ஆவணம், புதிதாக வழக்கறிஞர் கட்டணம், புதிதாக ஒரு தேதி. மீறியவருக்குச் செலவு இல்லை. மீறப்பட்டவள்தான் ஒவ்வொரு முறையும் பணம் கட்டி நியாயம் கேட்க வேண்டும்.

அவள் வந்த ஒரு சனிக்கிழமை, கால் கொலுசு ஒன்று வாங்கிப் போட்டேன். வீடெல்லாம் சலங்கைச் சத்தமாக ஓடினாள். ஞாயிறு மாலை கிளம்பும்போது அவளே உட்கார்ந்து அதைக் கழற்றினாள். "நீங்களே வச்சுக்குங்கம்மா. அங்க போட்டுக்கிட்டுப் போனா பாட்டி கேப்பாங்க, அப்புறம் அப்பா பேசமாட்டாரு." ஏழு வயதுப் பிள்ளை எதை எந்த வீட்டில் சொல்லலாம், எதை எந்த வீட்டில் மறைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. அவள் அப்பா கெட்டவர் என்று நான் எந்த மனுவிலும் எழுதவில்லை. அடிப்பவர் அல்ல, குடிப்பவர் அல்ல. அவரையும் அவள் நேசிக்கட்டும், நேசிக்க வேண்டும். என்னை நேசிப்பதை அவள் ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

என் கதை சின்னக் கதை. ஈப்போ இந்திரா காந்தியின் கதை இந்த நாட்டுத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் நாம் தூங்குகிறோம் என்பதால் மறுபடி சொல்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியை அவர். 2009இல் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாயைக் கேட்காமலே மதம் மாற்றினார். பதினோரு மாதக் கைக்குழந்தையான கடைசி மகளைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். 2010இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளும் தாயிடம்தான் என்றது. 2013இல் மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாது என்றது. 2015 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 2016 ஏப்ரலில், தகப்பனுக்கு எதிரான கைது ஆணையை நிறைவேற்றச் சொல்லித் தேசியப் போலீஸ் படைத் தலைவருக்கே கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: தாய் தந்தை இருவரின் சம்மதமும் இல்லாமல் பிள்ளையை மதம் மாற்றுவது செல்லாது. நாடே அதை வரலாற்றுத் தீர்ப்பு என்றது. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன.

மகள் வரவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்ற தாய் வெறுங்கையோடு வீடு திரும்பினார். போலீஸ் தன் கடமையைச் செய்யவில்லை என்று 100 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு கேட்டு அவர் தொடுத்த வழக்கைக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் தள்ளுபடி செய்தது. அப்போதும் மகள் வரவில்லை. அந்தக் குழந்தை பிறந்தது 2008 ஏப்ரலில். நம் சட்டத்தில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற உத்தரவின் ஆயுள் அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010இல் எழுதிய உத்தரவு, கைக்குழந்தைக்காக எழுதிய உத்தரவு, 2026 ஏப்ரலில் தானாகவே காலாவதி ஆகிறது. ஒரு தகப்பன் எந்த வழக்கிலும் கடைசியாக வெல்ல வேண்டிய அவசியமே இல்லை. காத்திருந்தால் போதும்.

சிரம்பான் தீபாவின் வழக்கு இன்னும் நெஞ்சைப் பிசைகிறது. அங்கும் கணவர் மதம் மாறி, இரண்டு பிள்ளைகளையும் மாற்றினார். 2014 ஏப்ரல் 7ஆம் தேதி சிரம்பான் உயர்நீதிமன்றம் பிள்ளைகள் இருவரையும் தாயிடம் கொடுத்தது. இரண்டே நாளில் கணவர் வந்து மகனைத் தூக்கிக்கொண்டு போனார். ஷரியா நீதிமன்றம் ஓர் உத்தரவு, சிவில் நீதிமன்றம் ஓர் உத்தரவு, எதை நிறைவேற்றுவது என்று போலீஸ் தலைமை கையை விரித்தது. 2016 பிப்ரவரி 10ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் முடிவு சொன்னது. சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் வழக்கை விசாரிக்க சிவில் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று தெளிவாக்கியது. அந்த மட்டில் தீபா வென்றார். ஆனால் பிள்ளைகளை நீதிபதிகள் நேரில் சந்தித்துக் கேட்ட பிறகு, மகள் தாயிடம், மகன் தகப்பனிடம் என்று பிரித்துக் கொடுத்தது.

அந்த மகனைத் தூக்கிப் போனபோது அவனுக்கு ஆறு வயது. தீர்ப்பு வந்தபோது எட்டு. இடையில் 22 மாதம். ஆறு வயதுப் பிள்ளை 22 மாதம் ஒரே வீட்டில் இருந்துவிட்டால் அந்த வீட்டைத்தானே தன் வீடு என்று சொல்லும்? பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டார்கள், சரி. சட்டமும் கேட்கத்தான் சொல்கிறது. அந்த விருப்பம் விளைந்தது நீதிமன்ற உத்தரவை மீறிய மண்ணில். தம்பி ஒரு வீட்டில், அக்காள் ஒரு வீட்டில். தூக்கிக்கொண்டு போனவர் தூக்கியதை வைத்துக்கொண்டார்.

இவையெல்லாம் மதம் கலந்த வழக்குகள், ஷரியாவும் சிவிலும் மோதியதால் வந்த வினை என்பார்கள். நானும் என் கணவரும் ஒரே கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். எங்களுக்கு ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம். மோத இன்னொரு சட்டம் கிடையாது. அப்படியும் என் பிள்ளை என் கைக்கு வரவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று இப்போதாவது தெரிகிறதா? உத்தரவு போடத் தெரிந்த நமக்கு நிறைவேற்றத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு மாதம் என்றால் என்ன என்று நம் நீதிமன்ற நாட்காட்டிக்குத் தெரியவில்லை.

உலகத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. நாடு விட்டு நாடு பிள்ளையைக் கொண்டுபோகும் பெற்றோருக்காக 1980இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் ஓராண்டுக்குள் மனு வந்தால் உடனே திருப்பி அனுப்பு என்பது அதன் அடிப்படை. ஆறு வாரத்தில் முடிவு சொல்லாவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். கொண்டுபோனவர் காலத்தைக் கடத்தி லாபம் பார்க்கக் கூடாது என்று நாற்பது ஆண்டுக்கு மேலாக உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இலங்கை 2001இலும் சிங்கப்பூர் 2010இலும் அதில் சேர்ந்தன. மலேசியா சேரவில்லை. உள்நாட்டுக்குள் நடப்பதற்கும் வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் 2022இல் தன் பெண்கள் சாசனச் சட்டத்தைத் திருத்தியது. பிள்ளையைக் காட்ட மறுத்தால், இழந்த நேரத்துக்கு ஈடாக வேறு நேரம் கொடுக்க வைக்கலாம், வீணான செலவைக் கட்ட வைக்கலாம், இனி மீறமாட்டேன் என்று பிணை எழுதி வாங்கலாம். அடுத்த வீட்டுக்காரனால் முடிவது நமக்கு ஏன் முடியாது?

சட்டத்தைவிட என்னை நொறுக்கியது நம் ஆட்களின் பேச்சு. "பொறுத்துப் போம்மா, அவங்க வீட்டுப் பிள்ளைதானே." அவங்க வீட்டுப் பிள்ளையா? பத்து மாதம் சுமந்தது யார் வீட்டு வயிறு? "வளர்ந்தா தானா தேடி வரும்மா." தேடி வரும்போது நான் அவளுக்கு யாராக இருப்பேன்? முதல் பல் விழுந்ததைப் பார்க்காதவளாக, பரீட்சைக்கு எழுப்பிவிடாதவளாக, பெரியவளானபோது பக்கத்தில் இல்லாதவளாக இருப்பேனே, அந்த ஆண்டுகளை எந்தச் சித்தப்பா திருப்பிக் கொடுப்பார்? "கோர்ட்டு கேஸுன்னு போனா குடும்ப மானம் போயிடும்." பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு தாயை நிறுத்தி வைத்தபோது போகாத மானமா நான் மனுப் போட்டதால் போய்விட்டது? என் மாமியாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அத்தை, உங்கள் மகனை உங்களிடமிருந்து ஒரு வாரம் யாராவது ஒளித்து வைத்திருந்தால் நீங்கள் கிள்ளானையே இரண்டாக்கியிருப்பீர்கள். நானும் அதே தாய்தான்.

அம்மாக்கள் எல்லாரும் உத்தமிகள் என்று நான் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளையை மறைத்து வைக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் புதுத்துணி வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் அப்பாக்களின் வலியும் என் வலிதான். "செலவுக்குக் காசு தரல, அதனால காட்டமாட்டேன்" என்கிறார்கள். "காட்டல, அதனால காசு தரமாட்டேன்" என்கிறார்கள் அந்தப் பக்கம். இரண்டும் தப்பு. ஜீவனாம்சம் பிள்ளையின் சாப்பாடு. சந்திப்பு பிள்ளையின் உறவு. ஒன்றைப் பணயம் வைத்து ஒன்றை வாங்கப் பிள்ளை என்ன அடகுப் பொருளா?

நான் கேட்பது பெரிதில்லை. பிள்ளையை ஒரு தரப்பு பிடித்து வைத்துக்கொண்டது என்று மனு வந்தால், சில நாளுக்குள் முதல் விசாரணை நடக்கட்டும். முழு வழக்கு முடிய எத்தனை மாதமானாலும் ஆகட்டும், பிடுங்குவதற்கு முந்தின நாள் பிள்ளை எங்கே இருந்ததோ அங்கே அதுவரை இருக்கட்டும். பிடித்து வைத்த நாட்களைப் "பழகிவிட்டது" என்ற கணக்கில் யாரும் சேர்க்க வேண்டாம். உத்தரவு போடும்போதே போலீஸ் துணையையும் அதில் எழுதிவிடுங்கள், கவுண்டரில் இருக்கும் பையனுக்குக் குழப்பம் இருக்காது. ஒரு சனிக்கிழமை மறுத்தால் இரண்டு சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வையுங்கள். அவமதிப்பு மனுவின் செலவை மீறியவர் தலையில் கட்டுங்கள். 2017இல் நம் திருமண, மணவிலக்குச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருதலை மதமாற்றத்தைத் தடுக்கும் 88ஏ பிரிவைக் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் நம் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருப்பவர்கள் அதையும் மறக்க வேண்டாம். தேர்தலுக்குத் தேர்தல் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மாலை போட்டுக்கொண்டு வருகிறீர்களே, அங்கே கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயாவது, ஒரு தகப்பனாவது நிற்கிறார்கள். அவர்கள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் பாட்டிமார்களே, அத்தைமார்களே, பெரியப்பாக்களே, உங்களிடம்தான் என் மன்றாட்டு. நீதிமன்றம் மெதுவாகத்தான் வரும். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை வருவது உங்கள் வீட்டுக்குத்தான். உங்கள் மகனோ மகளோ தம்பியோ பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் நின்றால் சோறு போடுங்கள், படுக்க இடம் கொடுங்கள். அன்றைக்கு ராத்திரியே அந்தப் பிள்ளையைப் பெற்ற இன்னொருவருக்குப் போன் போடுங்கள். "பிள்ளை இங்கே பத்திரமாக இருக்கிறது, காலையில் வா" என்று சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்றுதான் எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து பறித்தார்கள்.